நூற்றுப் பதினெட்டாம் பெயர்

லினெட் கிரம்ப்டன் சமையலறையிலிருந்து கேக்கை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தபோதுதான் வெண்டல் ஹார்க்ரோவ் அதன்மேல் எழுதியிருந்ததைப் பார்த்தார். சர்க்கரையைப் பொன்னிறமாகக் காய்ச்சிப் பூசிய மூன்றடுக்குக் கேக். நடுவில் வெள்ளை க்ரீமில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பெயர் எழுதிப் பழகிய கையால், 118 என்று எழுதியிருந்தாள். வேறு ஒரு எழுத்து கிடையாது. வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த வெண்டலுக்கு அதைத் திரும்பத் தலையில் வைப்பதா, அப்படியே திரும்பிப் போய்விடுவதா என்று ஒரு கணம் தெரியவில்லை. ஏனென்றால் அந்த எண் அவருடையது.

காலை பதினோரு மணி. ஏப்ரல் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. வீட்டுக்குள்ளிருந்த பெரிய டிவியை வெளியே தூக்கி வந்து, கார் நிறுத்தும் கொட்டகைக்குள் இரண்டு மீன்பெட்டிகளின்மேல் நிறுத்தியிருந்தார்கள். சர்ச் ஆட்கள் இருபது பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகையின் ஓரத்தில் டீக்கன் பர்விஸ் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் மடித்த துண்டு. துண்டின்மேல், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல, டேவியனுடைய போன்.

டேவியன் லினெட்டின் ஒரே மகன். இருபத்தொரு வயது. கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில், எதிரணியில் பந்து பிடிக்கிறவனை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடுகிற இடத்தில் ஆடினவன். அந்த இடத்துக்குக் கால்தான் எல்லாம். வருஷத்துக்கு ஒருமுறை, மூன்று நாள், நாட்டின் முப்பத்திரண்டு பெரிய அணிகளும் வரிசை வைத்துக் கல்லூரிப் பையன்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். ஏழு சுற்று. இந்த வருஷம் இருநூற்றைம்பத்தேழு பேர். வியாழனும் வெள்ளியும் மூன்று சுற்று முடிந்து நூற்றிரண்டு பெயர் போய்விட்டது. எடுக்கிறவர்கள் முதலில் பையனுடைய போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அந்தப் போனுக்கு வேறு யாரும் கூப்பிடக் கூடாது என்று லினெட் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

போன் அடித்தது. இருபது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். டேவியன் எடுத்துப் பார்த்து அம்மாவிடம் நீட்டினான்.

"எவனாச்சும் கூப்பிட்டானா?" போனிலிருந்து கேட்ட குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. மொபீல் நகரத்திலிருந்து எர்லீன், லினெட்டின் அக்கா.

"நீதான்க்கா கூப்பிட்டிருக்க. வை."

"நான் கேக்கத்தான் கூப்பிட்டேன். எவனாச்சும் கூப்பிட்டானான்னு."

"நீ பேசிக்கிட்டே இருந்தா எவன் கூப்பிடுவான்? லைன் கிடைக்கலன்னு அடுத்த பையனுக்குப் போயிருவான்க்கா. வை போன."

"காலைலேர்ந்து வந்த போன் மூணு," என்றார் டீக்கன் பர்விஸ், மீனைத் திருப்பிக்கொண்டே. "மூணும் எர்லீன். அவ ஒரு அணி வச்சிருந்தா நம்ம பையன் முதல் நாளே போயிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்துக்கொண்டே கடைசி வரிசையில் உட்காரப் போனார். லினெட் விடவில்லை. முன்வரிசையில் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். "பிரதர் வெண்டல், உங்க இடம் இது. இந்த நாளே உங்களாலதான்."

அது உண்மை என்பதுதான் வெண்டலுக்கு இருந்த ஒரே கஷ்டம்.

வெண்டல் ஹார்க்ரோவ் பெல்ஃபோர்ட் கடலை மில்லில் எடைமேடை பார்க்கிறவர். முப்பத்தோரு வருஷமாக, கடலை ஏற்றிய வண்டியை ஒருதரம், இறக்கிவிட்டு வருகிற வெறும் வண்டியை ஒருதரம் நிறுத்திச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அவர் எழுதின எடைக்கு மறு எடை கேட்ட விவசாயி அந்த மாவட்டத்தில் கிடையாது. அறுவடை முடிந்துவிட்டால் எடைமேடையில் வேலை குறைவு. அந்த மாதங்களில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பழைய கணினியில் கல்லூரி ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். எந்த அணிக்கு எந்த இடத்தில் ஆள் குறைவு, எந்தப் பையனுக்கு முழங்கால் சரியில்லை, எந்தப் பயிற்சியாளர் உயரமான ஆளைத்தான் எடுப்பார் என்றெல்லாம் நோட்டில் எழுதுவார். வசந்தம் வரும்போது முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒரு பட்டியல் போடுவார். இணையத்தில் அவருக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஒரு பிரதியை முடிவெட்டும் கடைச் சுவரிலும் ஒட்டிவைப்பார். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. யாரும் செய்யச் சொல்லவில்லை. நாடு முழுக்க இப்படிப் பட்டியல் போடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். யாருடையது எவ்வளவு சரி என்று கணக்குப் பார்த்து வரிசைப்படுத்துகிற இடமும் ஒன்று இருக்கிறது. வெண்டலுடைய பெயர் அதில் பெரும்பாலும் முதல் ஐம்பதுக்குள் வந்துவிடும்.

போன ஜூலையில் விடுமுறைக்கு வந்திருந்த டேவியன், உயர்நிலைப் பள்ளி மைதானத்துக்கு அவரைக் கூப்பிட்டுப் போனான். நாற்பது கஜ ஓட்டம். அணிகள் ஒரு பையனை நிறுத்துப் பார்க்கிற படிக்கல் அதுதான். வெண்டல் கையில் ஓட்டக் கடிகாரத்தோடு முடிவுக் கோட்டில் நின்றார். பையன் வந்து கடந்தான். நாலு புள்ளி மூணு ஒன்பது நொடி. அவ்வளவு வேகமாக ஓடுகிறவன் அந்த மாநிலத்திலேயே ஒருவனோ இருவரோதான். வெண்டல் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். அன்றைக்கே தன் இணையப் பக்கத்தில் எழுதினார். அங்கிருந்து பத்துப் பேர் எடுத்து எழுதினார்கள், அவர்களைப் பார்த்து நூறு பேர். சின்னக் கல்லூரி, யாருக்கும் தெரியாத பையன். அவனுடைய பெயருக்குப் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் அந்த எண் நின்றது.

ஜனவரியில் டேவியன் எடைமேடைக்கு ஒரு கடிதத்தோடு வந்தான். இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருக்கிற பையன்கள் முன்கூட்டியே வரலாமா என்று கேட்டால், அணிகளின் ஆட்கள் கூடிப் பேசி ஒரு பதில் எழுதுவார்கள். அவனுக்கு வந்த பதில், கல்லூரியிலேயே இரு என்பது. பெயர் கொடுத்துவிட்டால் கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்ப வழி கிடையாது. வெண்டல் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"நீ ஓடி இவங்க பாத்ததில்ல," என்றார். "நான் பாத்திருக்கேன்."

அந்த வாரமே பையன் பெயர் கொடுத்தான். வெண்டல் தன் பட்டியலின் முதல் வரைவில் அவனை நாலாவது சுற்றில், நூற்றுப் பதினெட்டாவது இடத்தில் வைத்தார். லினெட் அதை அச்செடுத்துக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

மார்ச்சில் கல்லூரியில் சோதனை ஓட்டம். அணிகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் கடிகாரத்தோடு நின்றார்கள். நாலு புள்ளி ஐந்து ஆறு. இன்னொரு தரம் ஓடினான். நாலு புள்ளி ஐந்து ஏழு. வெளியில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு கண் சிமிட்டலுக்கும் குறைவு. அந்த உலகத்தில் இது நாலாவது சுற்றுக்கும் ஒன்றுமில்லாமைக்கும் நடுவில் இருக்கிற தூரம். காற்று எதிரே அடித்தது, தரை ஈரம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வெண்டலும் ஆமாம் என்றார். பிறகு ஒருநாள் எடைமேடை அறையில் தனியாக உட்கார்ந்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஜூலை மாதத்து அந்த ஓட்டத்தை மனத்துக்குள் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். அப்போதுதான் தன் கட்டைவிரல் அவருக்குத் தெரிந்தது. ஓடுகிறவனின் கை தரையைவிட்டு அசையும்போதே பொத்தானை அழுத்த வேண்டும். அவர், அவன் கிளம்பிவிட்டான் என்று கண்ணால் கண்டு மகிழ்ந்த பிறகு அழுத்தியிருந்தார். முடிவில், நெஞ்சு கோட்டைக் கடக்கும்போது அழுத்த வேண்டும். அவர், கடந்துவிடுவான் என்று தெரிந்தவுடனே அழுத்தியிருந்தார். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். பொய் சொல்லவில்லை. ஆசைப்பட்டிருந்தார், அவ்வளவுதான்.

அன்றைக்கே பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்திருக்க வேண்டும். நாலு தரம் அழித்தார், நாலு தரமும் திரும்ப எழுதினார். லினெட்டின் குளிர்ப்பெட்டிக் கதவு அவர் கண்முன் வந்து நின்றுகொண்டே இருந்தது. கடலையில் ஒரு மூட்டை கூட்டி எழுதச் சொல்லி அவரை யாரும் கேட்கக்கூடத் துணிந்ததில்லை. இங்கே, யாரும் கேட்காமலே எழுதி, சுவரிலும் ஒட்டியிருந்தார்.

நண்பகலுக்குச் சற்று முன்னால் நூற்றுப் பதினெட்டு வந்தது. கொட்டகையில் மீன் பொரிகிற சத்தம் மட்டும் இருந்தது. அவர் எழுதிய அணிதான். அவர் எழுதிய இடத்துக்குத்தான் ஆள் தேடினார்கள். மேடைக்கு வந்தவர் அட்டையைப் பார்த்துப் படித்தது வேறொரு பையனின் பெயர், அயோவாவில் சோளக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து. டிவியில் அந்தப் பையனின் வீட்டைக் காட்டினார்கள். அவனுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லினெட் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகக் கைதட்டினாள். அவள் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

"ஒண்ணு ரெண்டு தள்ளிப் போகும்," என்றார் டீக்கன் பர்விஸ். பிறகு எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று தன் போனைத் துழாவினார். "இங்க பாருங்க, இன்னொரு விஷயம். முதல் நூறு பேர்ல எண்பத்தாறு பேர நம்ம வெண்டல் சரியா எழுதியிருக்காரு. நாட்டுலயே இவர்தான் இப்ப முதல். பெல்ஃபோர்ட், அலபாமான்னு போட்டிருக்கான் பாருங்க."

பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு வரியைப் பார்க்கத்தான் வெண்டல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சிலர் தோளில் தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்து, மடியிலிருந்த தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். டேவியன் மட்டும் அவரைப் பார்த்து, நிஜமாகவே சந்தோஷமாக, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். வெண்டலால் அந்த விரலைப் பார்க்க முடியவில்லை.

ஐந்தாவது சுற்று போனது. போன் இரண்டு தரம் அடித்தது. ஒன்று எர்லீன். மற்றது, எர்லீன் கூப்பிடாமல் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளக் கூப்பிட்ட எர்லீனின் மகள். ஆறாவது சுற்றின் நடுவில் சிலர் தட்டுகளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, நாளை ஆராதனைக்குத் துணி இஸ்திரி போட வேண்டும் என்று கிளம்பினார்கள். லினெட் கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெண்டல் பின்னாலேயே போனார்.

அவள் கத்தியை வெந்நீரில் நனைத்து, அதன் தட்டைப் பக்கத்தால் அந்த 118-ஐ மெல்லத் தேய்த்து மழுக்கிக்கொண்டிருந்தாள். முதல் ஒன்று போய்விட்டிருந்தது.

"சிஸ்டர் லினெட், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"போன வருஷம் நான் எழுதினேன்ல, அந்த நேரம். அது தப்பு. என் கை தப்பு. அவன் அவ்ளோ வேகம் இல்ல. மார்ச்சுல வந்ததுதான் சரியான நேரம்."

கத்தி நிற்கவில்லை. இரண்டாவது ஒன்றும் போனது.

"எப்பத் தெரியும்?"

"மார்ச்சுல."

"இந்தக் கடைசிப் பட்டியல் போட்டது?"

"புதன்கிழமை."

லினெட் கத்தியைக் கழுவினாள். துடைத்தாள். திரும்பக் கேக்கைப் பார்த்து நின்றாள். எட்டு மட்டும் பாக்கி இருந்தது.

"அவன் பதினோரு மாசத்துலதான் நடந்தான்," என்றாள். "நான் ஊர்ல எல்லார்கிட்டயும் ஒன்பது மாசம்னு சொன்னேன். எர்லீன் அக்காகிட்டகூட. பெத்தவளுக்கு அப்படித்தான் வருது, என்ன பண்றது." குரலை உயர்த்தாமலே, "ஆனா நான் அத எழுதி முடிவெட்டுற கடையில ஒட்டல, பிரதர் வெண்டல்," என்றாள்.

அவர் நின்றார். போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் போகச் சொல்லவில்லை. எட்டையும் மழுக்கிவிட்டு, கேக்கைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, "கொண்டுபோய் வைங்க. வெட்டாம யாரையும் அனுப்பாதீங்க," என்றாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இருநூற்றைம்பத்தேழாவது பெயர் படித்தார்கள். அது வெண்டலின் பட்டியலில் எங்குமே இல்லாத ஒரு பெயர். அவர் பாக்கெட்டிலிருந்து காகிதத்தை எடுக்கவேயில்லை. டீக்கன் பர்விஸ் டிவியை அணைத்தார். கொட்டகையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள், கேக்கைக் காகிதத் தட்டில் வைத்துக்கொண்டு, தின்னாமல். பட்டியல் முடிந்த பிறகும் சில போன்கள் அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் எடுக்காத பையன்களில் சிலரை, வந்து பயிற்சியில் ஓடிக் காட்டு என்று அணிகள் கூப்பிடும். சிலரைத்தான். லினெட் போனைத் துண்டோடு சேர்த்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டேவியன் வெண்டலின் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். வெண்டல் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"அம்மா சொல்லிட்டாங்க," என்றான் பையன்.

"உன்கிட்ட நான்தான் முதல்ல சொல்லியிருக்கணும்."

"எனக்குத் தெரியும் மிஸ்டர் வெண்டல்." அவன் காலால் சிவப்பு மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான். "ஆகஸ்ட்டுல காலேஜ்ல ஓடவிட்டாங்க. நாலு அஞ்சு அஞ்சு. அதுக்கப்புறம் எத்தன தடவ ஓடினாலும் அதுதான்."

"அப்ப ஜனவரியில கடிதாசிய எடுத்துட்டு ஏன் என்கிட்ட வந்த?"

"கோச்கிட்டக் காட்டினா இருன்னு சொல்லியிருப்பாரு. அம்மாகிட்டக் காட்டினா ஜெபம் பண்ணுன்னு சொல்லியிருப்பாங்க. போன்னு சொல்ற ஆள் நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க." அவன் நிமிர்ந்தான். "நான் கேக்க வரல மிஸ்டர் வெண்டல். நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

வெண்டல் அதை யோசித்துப் பார்த்தார். பாரம் இறங்கிய மாதிரி இருக்கும் என்று நினைத்தார். இறங்கத்தான் செய்தது. ஆனால் சரக்கை எல்லாம் இறக்கிவிட்டு எடைமேடைக்குத் திரும்பி வருகிற வண்டிக்கும் ஒரு எடை உண்டு. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வண்டியும் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தியதில்லை.

"கடிகாரம் வண்டியிலதான இருக்கு?" என்றான் டேவியன்.

"இருக்கு. எதுக்கு?"

"ஒரு தடவ பாத்துருவோம்."

"இப்பவா? மீனும் கேக்கும் தின்னுட்டு?"

"நான் எங்க தின்னேன். காலைலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல."

சாலையோர அஞ்சல் பெட்டியிலிருந்து பெக்கான் மரம் வரை நாற்பது கஜம். டேவியன் பதினாலு வயதில், சர்ச் கட்டட வேலைக்கு வந்த அளவு நாடாவைக் கடன் வாங்கி அவனே அளந்து வைத்தது. முடிவைக் காட்ட மரத்தில் அவன் அடித்த ஆணி இன்னும் இருந்தது, பட்டை வளர்ந்து பாதி மூடி. டேவியன் செருப்பைக் கழற்றிவிட்டு தன் வண்டியிலிருந்து ஓட்டக் காலணியை எடுத்து மாட்டிக்கொண்டான். டீக்கன் பர்விஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வேலியோரம் நின்றார்.

"எங்க கிளம்பிட்டான் உங்க பையன்?" என்று லினெட்டைப் பார்த்துக் கேட்டார். "யாரும் துரத்தலையே."

லினெட் எழுந்தாள். நாற்காலியைக் கொட்டகையிலிருந்து சாலைப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள், போன் மடியில்.

வெண்டல் கடிகாரத்தோடு மரத்தடியில், ஆணிக்கு நேராக நின்றார். சாயங்கால வெயில் சாலையின் நீளத்துக்குப் படுத்திருந்தது. தூரத்தில் பையன் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றினான். அவனைப் பார்க்காதே என்று வெண்டல் தனக்குச் சொல்லிக்கொண்டார். அவன் முகத்தை, அவன் அம்மாவை, அவன் பதினாலு வயதை, எதையும் பார்க்காதே. அந்தக் கையை மட்டும் பார்.

கை அசைந்தது. அழுத்தினார்.

பையன் ஐந்தாவது எட்டு வைக்கும்போது போன் அடித்தது. லினெட்டின் நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. "யாருன்னு பாருங்க, எர்லீனா?" என்று டீக்கன் கேட்டது காதில் விழுந்தது. லினெட் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. சொன்னாளோ இல்லையோ. இரண்டாவது மணி. பையனுக்கும் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அவன் தலை திரும்பவில்லை, தோள் சாயவில்லை. சிவப்பு மண் அவனுக்குப் பின்னால் ஒரு கோடாக எழும்பி அப்படியே வெயிலில் நின்றது. வெண்டலும் திரும்பவில்லை. ஆணிக்கும் சாலைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் கட்டியிருப்பதுபோல அந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு இன்னும் மூன்று கஜம் வர வேண்டியிருந்தது. கட்டைவிரல் பொத்தானின்மேல், அழுத்தாமல், காத்திருந்தது.